துருப்பிடித்த வண்டி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மரவள்ளிக் கிழங்கைச் சேகோ ஆலைக்கும், காய்கறியை உழவர் சந்தைக்கும், கோழி எருவைத் தோட்டத்திற்கும் கொண்டு செல்ல சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகள் பலர் சிறிய லாரி வைத்துள்ளனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டியில் துரு கண்டதும், இதற்கு மேலும் செலவு செய்யலாமா, கடன் வாங்கிப் புதியது எடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. வண்டியின் வயதை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. துரு எந்த இடத்தில் பிடித்துள்ளது என்பதே முக்கியம்.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்புடன் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் அது வேகமாகப் பரவும். பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பாகும். கோழி எருவில் ஈரமும் அம்மோனியாவும் உள்ளன. கிழங்குடன் வரும் ஈர மண், அடிப்பலகைக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்திற்கும் நடுவே தங்கி விடுகிறது. மேலே பெயிண்ட் நன்றாக இருந்தாலும் அடியில் அரிப்பு நடந்து கொண்டே இருக்கும்.

சோதிப்பது எப்படி?

வண்டியின் அடிப்பகுதியை நன்கு கழுவி, காய்ந்த பின் சோதிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்கலாம்.

1. மேல் துரு: கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்தால் போதும்.

2. பாடியில் துரு: கதவு, பக்கத் தகடு, அடிப்பலகையைத் தாங்கும் சட்டங்கள் ஆகியவை அரித்திருந்தால் வெட்டி எடுத்துப் புதியது வைக்கலாம். லாரி பாடி கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல் நம் பக்கத்திலேயே இருப்பதால், இரண்டு மூன்று பட்டறைகளில் விலை கேட்டு முடிவு செய்வது நல்லது.

3. சேசிஸில் துரு: நீளச் சட்டம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிடிகள், ஸ்டியரிங் பொருத்தப்பட்ட இடம் ஆகியவற்றில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்தாலோ, ஓட்டையோ விரிசலோ கண்டாலோ வண்டியில் பாரம் ஏற்றக் கூடாது. மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவது ஆபத்து. வெப்பத்தால் சட்டத்தின் வலிமை குறையக் கூடும். சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பிரேக் குழாயில் துரு கண்டால் செலவு பார்க்காமல் உடனே மாற்றி விட வேண்டும்.

செலவுக் கணக்கு

உதாரணமாக, உங்கள் பழைய வண்டி இன்று ரூ.1,20,000-க்கு விலை போகும் என்று வைத்துக் கொள்வோம். பழுது பார்க்க ரூ.75,000 ஆகிறது. பிறகு 3 ஆண்டுகள் ஓடி, ரூ.60,000-க்கு விற்றால் நிகரச் செலவு ரூ.1,35,000, அதாவது ஆண்டுக்கு ரூ.45,000. இன்சூரன்ஸ், வரி, பராமரிப்புக்கு ரூ.30,000 சேர்த்தால் ஆண்டுக்கு ரூ.75,000.

புது வண்டி ரூ.6,00,000-க்கு வாங்கி, 10 ஆண்டுகள் கழித்து ரூ.1,00,000-க்கு விற்றால் ஆண்டுக்கு ரூ.50,000 தேய்மானம். சராசரி வட்டி ரூ.35,000, இதர செலவு ரூ.25,000 சேர்த்து ரூ.1,10,000 ஆகிறது.

இதன்படி பழுது பார்ப்பதே லாபம். ஆனால் சேசிஸ் அரித்து, அதே பழுது ஓராண்டு மட்டுமே தாங்கினால், அந்த ஒரு ஆண்டின் செலவு ரூ.1,65,000 ஆகிவிடும். அப்போது புது வண்டியே மேல்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வாடகை வண்டிக்கு நடைக்கு ரூ.1,500 என்றும், சொந்த வண்டிக்கு டீசல் நடைக்கு ரூ.500 என்றும் கொண்டால் வித்தியாசம் ரூ.1,000. ஆண்டுக்கு 75 நடைக்குக் குறைவாக ஓட்டுபவருக்குப் பழைய வண்டியும் நஷ்டமே; வாடகையே சிக்கனம். புது வண்டிக்கு 110 நடையாவது வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பார்க்கவும். கடந்த ஆண்டு எத்தனை நடை ஓடியது என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தால் உதவியாக இருக்கும்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை

சரக்கு வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். 15 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் இக்கட்டணம் உயர்த்தப்பட்டது. எனவே 14-வது ஆண்டில் பெரும் செலவு செய்யுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டணத்தைக் கேட்டறிய வேண்டும். வண்டியை உடைக்கக் கொடுத்தால் பதிவு பெற்ற மையத்தில் கொடுத்துச் சான்று பெற்று, ஆர்.சி.யையும் ரத்து செய்து விட வேண்டும். இல்லையேல் பின்னர் தொல்லை உங்களைத் தேடி வரும்.

துரு வராமல் காக்க

உரம் அல்லது எரு ஏற்றிய அன்றே வண்டியை அடிப்பகுதி வரை கழுவி, வெயிலில் காய விட வேண்டும். அடிப்பலகையில் நீர் வடியும் துளைகள் அடையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். கழிவு ஆயிலை அடியில் பூசினால் ரப்பர் புஷ்கள் கெடும். பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து விட்டால் ஐப்பசி மழையில் கவலை இராது.

விவசாயப் பெருமக்கள் முதலில் சேசிஸைத் தட்டிப் பார்த்து, அடுத்து நடைக் கணக்கை எழுதிப் பார்த்து, அதன் பின்னரே கடனுக்குக் கையெழுத்துப் போடுவது நலம்.