ஒரே கைக்குப் போகவிருந்த மாத்திரைகள்

ஏகபோகத்தை அளக்கும்போது நிறுவனத்தின் பருமனைப் பார்ப்பதா, எந்தப் பொருளில் அதற்குப் போட்டியாளரே இல்லாமல் போகிறது என்று பார்ப்பதா என்ற கேள்வியில் இந்தியச் சட்டம் தெளிவுபெற நெடுங்காலம் பிடித்தது. 1969ஆம் ஆண்டின் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம், சொத்து மதிப்பு 20 கோடி ரூபாயை எட்டிய தொழில் குழுமங்கள் விரிவடைவதற்கும் பிற நிறுவனங்களோடு இணைவதற்கும் மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1991இல் அந்த முன் அனுமதி நீங்கியது. பின்னர் வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பெரிதாக இருப்பதைக் குற்றமாகக் கருதாமல், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் போட்டியைக் கெடுக்கும் இணைப்புகளையும் தடைசெய்தது. 2011 ஜூன் 1 முதல், சட்டம் வகுத்த வரம்பைத் தாண்டும் இணைப்புகளுக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டியதாயிற்று.

இந்த விதியின் செயல்பாட்டை 2014இல் அறிவிக்கப்பட்ட சன் ஃபார்மா, ரான்பாக்சி இணைப்பில் நன்கு காணலாம். இரண்டும் சேர்ந்தாலும் நாட்டின் மருந்துச் சந்தையில் ஏறத்தாழ 9 சதவீதமே அவற்றின் பங்கு என்பதால், மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஆனால் மூட்டுவலிக்காரருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை உதவாது. ஆகவே ஆணையம் ஒட்டுமொத்தச் சந்தையை விடுத்து, மருந்தின் மூலக்கூறு ஒவ்வொன்றையும் தனிச் சந்தையாகக் கொண்டு ஆராய்ந்தது. சட்டம் 'தொடர்புடைய சந்தை' என்று குறிப்பிடுவது, வாங்குபவர் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஏற்கக்கூடிய பொருள்களின் இத்தகைய வட்டத்தைத்தான். அப்படிப் பார்த்தபோது, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர்த் தொல்லைக்கு ஆளான முதியவருக்கு எழுதப்படும் டாம்சுலோசின், டோல்டெரோடின் கூட்டு மருந்து உள்ளிட்ட ஏழில் போட்டி மிகவும் சுருங்கிவிடும் என்பது புலப்பட்டது. அவ்வேழையும் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அவற்றை எம்க்யூர் வாங்கியது. மருந்துத் துறைக்கு இந்தக் கண்டிப்பு இன்றியமையாதது, ஏனெனில் சீட்டு எழுதுபவர் மருத்துவர், பணம் கொடுப்பவர் நோயாளி; விலை ஏறினாலும், சீட்டில் உள்ளதை விட்டு வேறொன்றைக் கேட்டு வாங்கும் துணிவு நோயாளிக்கு எளிதில் வருவதில்லை.

இருப்பினும், வரம்பு சொத்தையும் விற்றுமுதலையும் மட்டுமே பார்த்ததால், வருவாய் ஈட்டத் தொடங்காத இளம் நிறுவனத்தைப் பெருநிறுவனம் பெருந்தொகைக்கு வாங்கினாலும் அது ஆணையத்தின் பார்வைக்கு வராமலே போக முடிந்தது. 2024 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்தியாவில் கணிசமான தொழில் நடவடிக்கை உள்ள நிறுவனத்தை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குவதையும் ஆய்வுக்குள் கொணர்ந்து, அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. அதே திருத்தம் ஆய்வுக்கான கெடுவை 210 நாள்களிலிருந்து 150 நாள்களாகச் சுருக்கியதுதான் கவலைக்குரியது; ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சன் ஃபார்மா இணைப்பில் அந்த ஏழு மருந்துகளை இனங்கண்டு தீர்ப்புச் சொல்ல ஆணையத்துக்கு டிசம்பர் வரை ஆனது.