சியாட்டில் கடலில் தூண்டிலும் நண்டுக் கூடும்

மும்பை மீன் சந்தையில் 'ராவஸ்' என்ற மீனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் அதற்கு 'இந்தியன் சால்மன்' என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் அது காலா மீன். பெயரில்தான் சால்மன், உண்மையான சால்மனுக்கும் நம் காலாவுக்கும் எந்த உறவும் கிடையாது. தூத்துக்குடியில் பிறந்து, செம்பூரில் நாற்பது ஆண்டுகள் மீன் வாங்கிச் சாப்பிட்ட எனக்கு இந்த உண்மை விளங்க, சியாட்டில் வரை போக வேண்டியிருந்தது.

2023-ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்காக அந்த ஊரில் இருக்கிறார்கள். அங்கே போகும் பெற்றோருக்கு முதல் மாதம் ஊர் சுற்றுவதில் கழிந்துவிடும். மீதி மாதங்களில் பொழுது போவது கஷ்டம். எனக்கு அந்தக் கஷ்டம் வராமல் காப்பாற்றியவை ஒரு தூண்டிலும், ஒரு நண்டுக் கூடும், பதினொரு வயதுப் பேரனும்தான். சைவ அன்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

ஊருக்குள் வந்த கடல்

வாஷிங்டன் என்றதும் தலைநகரை நினைக்கக் கூடாது. சியாட்டில் இருப்பது மேற்குக் கோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில். பசிபிக் பெருங்கடல் ஒரு நீரிணை வழியாக உள்ளே புகுந்து, பல கிளைகளாகப் பிரிந்து, ஊர்களுக்கு நடுவே நிற்கிறது. இதற்குப் பியூஜெட் சவுண்ட் என்று பெயர். பழைய பனியாறுகள் குடைந்த பள்ளம் இது. சில இடங்களில் 900 அடிக்கும் மேல் ஆழம். பெரிய அலை கிடையாது, ஆனால் ஏற்றவற்றத்தின் இழுப்பு பலமானது. கோடையிலும் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கை கால் விறைத்துவிடும். அதனால் படகில் ஏறும்போதே மிதவை அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். 12 வயது வரையான பிள்ளைகளுக்குச் சிறு படகுகளில் இது சட்டம்.

ஐந்து வகைச் சால்மன்

பசிபிக் சால்மனில் இங்கே ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். சினூக் எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு 'ராஜா' என்றே பட்டப்பெயர். பிங்க் சிறியது; பியூஜெட் சவுண்டில் அது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டமாக வரும். நாங்கள் போனது 2023 என்பதால் அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது.

இந்த மீனின் வாழ்க்கை ஒரு கதை. ஆற்றின் மேல்பகுதியில், ஓடும் தண்ணீரில், கூழாங்கற்களுக்கு அடியில் தாய் மீன் முட்டையிடும். குஞ்சு பொரித்து, வளர்ந்து, ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகும். வகையைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், பருவம் வந்ததும், தான் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்பி வரும். ஆற்று வாய்க்கு வந்த பிறகு, பிறந்த தண்ணீரின் வாசனைதான் அதற்கு வழிகாட்டி. ஆற்றில் ஏறியதும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். முட்டையிட்டு முடித்ததும், ஐந்து வகையிலும் ஆணும் பெண்ணும் இறந்துவிடும். அந்த உடல்கள் மக்கி, ஓடையில் பூச்சிகள் பெருகி, அவையே அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கு உணவாகின்றன.

ஆகவே ஆற்றுக்குத் திரும்பும் வழியில் நாம் பிடிக்கும் ஒவ்வொரு சால்மனும் இன்னும் முட்டையிடாத மீன். அங்கே உள்ள அத்தனை விதிகளுக்கும் காரணம் இதுதான்.

துடுப்பைப் பார்த்துத்தான் முடிவு

15 வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், நம்மைப் போன்ற விருந்தாளிகள் உட்பட, லைசென்ஸ் வாங்க வேண்டும். அதோடு ஒரு பதிவு அட்டை தருவார்கள். பிடித்து வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு சால்மனையும் அந்த இடத்திலேயே அதில் எழுதியாக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அட்டை மட்டும் உண்டு. எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்த வகை, எத்தனை என்பதெல்லாம் ஆண்டுதோறும் மாறும். ஆகையால் புறப்படும் அன்று காலையில் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் போவதில்லை.

நம் ஊர்த் தூண்டில் முள்ளின் நுனியில், பின்பக்கமாகத் திரும்பிய ஒரு சிறு எதிர்முள் இருக்கும். கொத்திய மீன் நழுவாமல் இருக்க அது உதவும். அங்கே சால்மனுக்கு எதிர்முள் இருக்கக் கூடாது. குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். மீன் தப்பிவிடாதா என்று கேட்டேன். "விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் விடத்தான் அப்படி" என்றான் மகன்.

எந்த மீனை விட வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சால்மனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சதைப்பற்றான ஒரு குட்டித் துடுப்பு உண்டு. மீன் பண்ணைகளில் பொரித்து வளர்க்கும் குஞ்சுகளுக்கு, ஆற்றில் விடுமுன் பெரும்பாலும் இந்தத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். துடுப்பு இல்லாவிட்டால் பண்ணை மீன், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் ஆற்றில் இயற்கையாகப் பிறந்ததாகக் கொண்டு, சினூக் என்றால் அநேகமாக எங்கும் விட்டுவிட வேண்டும். கோஹோவுக்கும் பல பகுதிகளில் இதே விதி. விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்கவும் கூடாது. தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். பிங்க் மீனுக்கு இந்தத் துடுப்புக் கணக்கு இல்லை.

படகு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சியாட்டிலுக்கு வடக்கே எட்மண்ட்ஸ் என்ற ஊரில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய மீன்பிடி மேடை இருக்கிறது. ஆகஸ்ட் மாத விடியற்காலையில் அங்கே தோளோடு தோள் உரச ஆட்கள் நிற்பார்கள். வியட்நாம்காரர், பிலிப்பைன்ஸ்காரர், ருஷ்யர் என்று எல்லாரும் இருந்தார்கள். ஒருவருக்கு மீன் கொத்தினால் பக்கத்தில் உள்ளவர்கள் தாமாகவே தங்கள் நூலைச் சுருட்டிக்கொண்டு வழிவிடுகிறார்கள். நான் மூன்று காலைகள் நின்று பிடித்தது ஒரே ஒரு பிங்க். என் மனைவி அதைப் புளிக்குழம்பு வைத்தாள். நெய்ப்பசை உள்ள மீன். எண்ணெய் பாதி போதும்.

நண்டுக் கூடு

சால்மனுக்கு அதிர்ஷ்டம் வேண்டும். நண்டுக்குப் பொறுமை போதும். அங்கே பேர்போனது டஞ்சனெஸ் நண்டு. அந்த மாநிலத்திலேயே உள்ள ஒரு கடற்கரை ஊரின் பெயர் அது. கோடையில், குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் பிடிக்கலாம். கம்பி வலையால் ஆன வட்டக் கூட்டில் கோழிக்காலோ மீன் தலையோ கட்டி, கயிற்றில் இறக்கி, சில மணி நேரம் கழித்துத் தூக்க வேண்டும். கயிற்றின் மேல்முனையில் சிவப்பும் வெள்ளையுமான மிதவை. அதில் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும்.

அந்தக் கூட்டில் இரண்டு விஷயங்கள் என்னைக் கவர்ந்தன. ஒன்று, சிறு நண்டுகள் வெளியேறிப் போவதற்கென்றே வைத்த வளையங்கள். மற்றொன்று, கூட்டின் கதவை இழுத்துக் கட்டியிருக்கும் பருத்தி நூல். நைலான் கூடாது, பருத்தி போன்ற மக்கும் நூல்தான் வேண்டும். கூடு தொலைந்து கடலடியில் கிடந்தால் சில மாதங்களில் நூல் மக்கி அறுந்து, கதவு திறந்து, உள்ளே உள்ளவை பிழைத்துக்கொள்ளும். பியூஜெட் சவுண்டில் ஆண்டுக்குச் சுமார் 12,000 கூடுகள் தொலைவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த நூல் இல்லாவிட்டால் அவ்வளவும் ஆளில்லாமலே கொன்றுகொண்டிருக்கும் பொறிகள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மகனுடைய நண்பரின் படகில், வடக்கே எவரெட் ஊரிலிருந்து கிளம்பினோம். மூன்று கூடுகள் இறக்கினோம். ஒன்றுக்குக் கயிறு போதாமல், ஏற்றம் வந்தபோது மிதவை தண்ணீருக்குள் போய்விட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மகன் முகம் வாடியது. "பருத்தி நூல் கட்டியிருக்கிறோம், கவலைப்படாதே" என்றார் நண்பர். கூட்டின் விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அடுத்த கூட்டைத் தூக்கியபோது உள்ளே ஏழு நண்டுகள். கனமான ஒரு பெண் நண்டைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நம் சந்தையில் சினை நண்டென்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோமே! பேரன் அதைப் புரட்டி, வயிற்று மடிப்பைக் காட்டினான். ஆணுக்கு அது குறுகிக் கூம்பியிருக்கும், பெண்ணுக்கு அகன்றிருக்கும். பெண் டஞ்சனெஸை வைத்துக்கொள்ளவே கூடாது. கடலில் போட்டான். ஓடு கழற்றி இன்னும் இறுகாத ஒன்றை அழுத்திப் பார்த்து அதையும் போட்டான். அதில் சதையும் இருக்காது. மீதி ஐந்தையும் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலால் அளந்தான். ஓட்டின் குறுக்கே, இரு பக்கக் கடைசி முட்களுக்குச் சற்று முன்னால், ஆறேகால் அங்குலம் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு வளரச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த ஆண் நண்டு இனம் பெருக்கியிருக்கும் என்பது கணக்கு.

நான்கு தேறின. ஐந்தாவது ஒரு நூல் குறைந்தது. "ஒரு நூல்தானேடா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

"நான் பார்த்துட்டேனே, தாத்தா" என்றான் அவன்.

எனக்குப் பதில் வரவில்லை. அவன் அதைக் கடலில் விட்டுவிட்டு, அட்டையில் நான்கு என்று எழுதினான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வரை அனுமதி. எழுதி முடித்த பிறகுதான் கூட்டை மறுபடி இறக்கலாம்.

யாருடைய மீன்?

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு நியாயப் போராட்டமும் இருக்கிறது. சியாட்டில் என்பது அந்த மண்ணின் பழங்குடித் தலைவர் ஒருவருடைய பெயர். 1855-இல் அவரும் மற்றத் தலைவர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் நிலங்களை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. பின்னாளில் அந்த உரிமைப்படி மீன் பிடித்தவர்களையே கைது செய்தார்கள். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளின் பங்கு என்று தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994-இல் இன்னொரு தீர்ப்பு நண்டு, சிப்பிகளுக்கும் அதே பங்கைத் தந்தது. இன்று மாநில அரசும் பழங்குடிகளும் ஆண்டுதோறும் கூடிப் பேசித்தான் அளவுகளை நிர்ணயிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் மீன் குறைந்துதான் வருகிறது. பியூஜெட் சவுண்டின் சினூக் 1999 முதல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த மீனையே பெரிதும் நம்பி அந்தக் கடலில் வாழும் ஓர்க்கா திமிங்கிலக் குடும்பங்களில் இப்போது 80-க்கும் குறைவான உயிர்களே உள்ளன. நகரத்து ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ மீன்கள் முட்டையிடாமலே செத்து மிதந்த மர்மத்தை, 2020-இல்தான் விஞ்ஞானிகள் அவிழ்த்தார்கள். கார் டயர் தேய்ந்து சாலையில் படியும் துகளில் உள்ள ஒரு ரசாயனமே காரணம். தூண்டில்காரன் எவ்வளவு ஒழுங்காக அளந்தாலும், அவன் கடற்கரைக்கு வந்த காரும் கணக்கில் சேர்கிறது!

பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு

சைவ அன்பர்களுக்குச் சொன்ன செய்தி இதுதான். சியாட்டில் பாலர்ட் பகுதியில், 1917-இல் திறந்த கப்பல் மதகுகளுக்குப் பக்கத்தில், மீன்கள் கடலிலிருந்து நன்னீருக்கு ஏறிப்போக 21 படிகள் கொண்ட நீர்ப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். அங்கே கண்ணாடிச் சுவர் வழியாக, ஒரு சாண் தூரத்தில், சால்மன் எதிர்நீச்சல் போடுவதைப் பார்க்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கட்டணம் இல்லை.

அக்டோபரில் இஸ்ஸக்வா என்ற ஊரின் மீன் பண்ணைக்குப் போனோம். ஓடையில் முதுகு தெரியும் அளவுதான் தண்ணீர். துடுப்பு கிழிந்து, தோல் வெளுத்து, ஆனாலும் மேலே மேலே தாவிக்கொண்டிருந்தன மீன்கள். பாலத்தில் நின்ற என் மனைவி, "இனி மேல் இதைக் குழம்பு வைக்க மனசு வருமா தெரியவில்லை" என்றாள். வைத்தாள், ஆனால் அதன் பிறகு வாங்கும்போதெல்லாம் பண்ணை மீனா, ஆற்று மீனா என்று கேட்கத் தொடங்கினாள்.

நம் நாட்டிலும் இந்த ஒழுங்கு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இங்கே மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதம். கோளி மீனவர்கள் நாரியல் பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பிறகே தொழிலைத் தொடங்குவது பரம்பரை வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். சந்தையில் நின்று வாங்கும் நமக்கு மட்டும் அளவுகோல் கிடையாது.

ஊர் திரும்பிய மறு வாரம் செம்பூர் சந்தைக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் அம்மாள், எனக்காக எடுத்து வைத்ததாகச் சொல்லி இரண்டு சினை நண்டுகளைக் காட்டினார். வேண்டாமென்று ஆண் நண்டாகக் கேட்டேன். "என்ன சேட், அமெரிக்கா போய் வந்து ருசி மாறிவிட்டதா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

ருசி மாறவில்லை. பேரன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்புத்தான்.