கம்பியில்லா வண்ணப் பிரிண்டர்: முதலில் மைக்கணக்கு

விலைச்சீட்டு, பண்டிகைச் சலுகை அறிவிப்பு, மொத்த விலைப் பட்டியல் என்று நம் கடைகளுக்கும் இன்று வண்ண அச்சு தேவைப்படுகிறது. கம்பி இணைப்பு இல்லாமல் செல்போனிலிருந்தே அச்சடிக்கலாம் என்றதும் நம்மவர்கள் பிரிண்டர் என்ன விலை என்கிறார்கள். கேட்க வேண்டியது மையின் விலையை!

கார்ட்ரிட்ஜ் வகை வாங்கும்போது மலிவு. ஆனால் சில நூறு பக்கங்களில் மை தீரும். மைத்தொட்டி வகைக்கு முதல் கூடுதல். ஒரு கறுப்பு மைப் புட்டியோ பல ஆயிரம் பக்கம் வரும். புட்டி விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். புதிய பிரிண்டரில் ஊற்றும் முதல் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். அதை வைத்துக் கணக்கிட வேண்டாம்.

பொருத்தும்போது திணற வைப்பது வைஃபை. பல ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் உண்டு. குறைந்த விலைப் பிரிண்டர்கள் பலவும் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். செல்போனையும் அதிலேயே இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாங்குமிடத்திலேயே ஒரு பக்கம் அடித்து, காய்ந்தபின் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். சாய மை கலங்கும். பிக்மெண்ட் மை நிற்கும். மளிகைக் கடை விலைச்சீட்டுக்கு இது முக்கியம். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அடிக்காவிட்டால் மை முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பில்லுக்கு இதை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஜிஎஸ்டி விதிப்படி சரக்கு விற்பனை இன்வாய்ஸ் மூன்று பிரதிகள் வேண்டும். கார்பன் வைத்து டாட் மேட்ரிக்ஸ் ஒரே ஓட்டத்தில் தருவதை, மை பிரிண்டர் மூன்று முறை அடிக்க வேண்டும். பழைய இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்ப அவசரம் வேண்டாம்.