புதுச்சேரியில ஒரு பழைய சிட்ரோயன்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஒரு நேயர் அனுப்பியிருக்கார்: "புதுச்சேரியில 1938 சிட்ரோயன் டிராக்சியோன் அவான் விலைக்கு வருது. முழுசா ரெஸ்டோர் பண்ணியாச்சாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாங்க. பி.எஃப். பணத்தை எடுத்துதான் கொடுக்கணும்." ப்ரோ, கொஞ்சம் பொறுங்க.

முதல்ல வண்டியைப் புரிஞ்சுக்கணும். 1934-ல் வந்த மாடல் இது. முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும். அதைவிட முக்கியம், அந்தக் காலத்து மத்த கார்கள் மாதிரி இதுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. இந்தத் தயாரிப்புச் செலவு ஏறி, அதே வருஷம் கம்பெனி திவாலாகி மிஷெலின் கைக்குப் போச்சு.

எலும்புக்கூடு துருப்பிடிச்சா என்ன ஆகும்? அதுவும் கடல்காத்து அடிக்கிற ஊர்ல? பளபள பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி, கதவுக்குக் கீழே ஓடுற பட்டை முழுக்க நகர்த்திப் பாருங்க. ஒட்டாத இடத்துல இரும்புக்குப் பதிலா பட்டிதான் இருக்கும். அடுத்து ஜாக்கி வெச்சு ஒரு பக்கத்தை லேசா தூக்கிட்டு, கதவை மூடிப் பாருங்க. கீழே இருந்தப்ப சுலபமா மூடின கதவு இப்ப இடிச்சா, டிங்கரிங் வேலை மேல்பூச்சுதான்னு அர்த்தம். எனக்கு இந்த ஒரு சோதனையே பாதி பதில்.

எஞ்சினை நீங்க போறதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருந்தா, ஆறட்டும்னு காத்திருங்க. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். இதுல சிலிண்டர் லைனர்களைச் சுத்தி நேரடியா தண்ணி ஓடும். ஆயில் குச்சியில பால் காபி நிறம் தெரிஞ்சா தண்ணி கலந்திருக்கு. அப்புறம் ஸ்டியரிங்கை முழுசா திருப்பி மெதுவா வட்டம் அடிங்க. 'டக் டக்'னு முன்பக்கம் சத்தம் வந்தா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேஞ்சிருக்கு.

இப்போ காகிதம். 2021 விதிப்படி, 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிசா மாத்தப்படாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர்ல 'விஏ' வரும். பிழைக்கத் தெரிஞ்ச யாரோ எப்பவோ டீசல் எஞ்சின் மாட்டியிருந்தா இது கிடைக்காது. அதனால ஆர்.சி.யில இருக்கிற எஞ்சின், சேஸிஸ் நம்பரை வண்டியில குத்தியிருக்கிறதோட நீங்களே ஒப்பிடுங்க. பாரிஸ்ல செஞ்ச வண்டின்னா இடதுபக்க ஸ்டியரிங் இருக்கும். அதை இங்கே ஓட்ட, சட்டப்படி வேலை செய்ற சிக்னல் கருவி கட்டாயம்.

"பிரெஞ்சு கவர்னர் ஓட்டின கார்"னு ஒரு கதை கட்டாயம் வரும். கேக்க நல்லாத்தான் இருக்கும். பழைய பதிவுக் காகிதமோ புகைப்படமோ இல்லாம அந்தக் கதைக்கு ஒரு ரூபாய்கூட சேத்துக் கொடுக்காதீங்க. வண்டியைப் பிரிச்சுப் போட்டிருந்தப்ப எடுத்த படமும், வேலைக்கான பில்லும் கேளுங்க. நேர்மையா வேலை பார்த்தவங்க பெருமையா காட்டுவாங்க.

ஞாயித்துக்கிழமை போங்க. காந்தம், டார்ச், ஒரு மெக்கானிக், மூணும் போதும். செக் புக்கை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க.