மார்ச்சில் வந்த பேட்ச், மே மாதம் சிக்கிய சித்தூர்: சர்வர் ஓட்டைகளை அடைக்க ஏன் இவ்வளவு தாமதம்?

ராமகுப்பத்தில் நீங்கள் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும், நிலத்தின் அடங்கல் நகல் எடுத்தாலும், வேலை செய்வது கண்ணெதிரே இருக்கும் கணினி மட்டுமல்ல. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் சர்வர்தான் உங்கள் விவரங்களை வாங்கி, பதிலைத் திருப்பி அனுப்புகிறது. அந்த சர்வரில் ஓடும் மென்பொருளில் ஓட்டை இருந்தால் உங்களால் அடைக்க முடியாது. யார் அடைக்கிறார்கள், எத்தனை நாளில் அடைக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் தரவின் பாதுகாப்பு இருக்கிறது.

சித்தூர் மாவட்டத்துக்கு இது புதிய கதை இல்லை.

2017 மே மாதம் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. ஆந்திராவில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் சுமார் 18 காவல் பிரிவுகளின் கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அன்றாடப் பணிகள் தடைபடவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

வான்னாக்ரை நுழைந்தது வெப் சர்வர் வழியாக அல்ல. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் சேவையில் இருந்த ஓட்டை வழியாக. ஆனால் கவனிக்க வேண்டியது தேதியை. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது மார்ச் 14. நடுவில் 59 நாட்கள் இருந்தன.

அடுத்த நாளே, மே 13 அன்று, அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். கடன் வாங்குவோரின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் அது. இந்த முறை ஓட்டை இருந்தது, இணையதளங்களை இயக்கும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில். அதற்கான பேட்ச் வந்தது மார்ச் 7. நடுவில் 67 நாட்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் கசிந்தன.

சரி, ஓட்டை என்றால் என்ன?

ஒரு மண்டல அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் கேட்டால் பொதுமக்களுக்கான படிவங்களை மட்டும் தருவார்கள். "படிவ அலமாரியைத் தாண்டி ரெண்டு ரூம் பின்னாடி போய், பீரோவுல இருக்குற ஃபைலை எடுத்துக் கொடுங்க" என்று யாராவது கேட்டால் ஊழியர் மறுக்க வேண்டும். வெப் சர்வரும் அப்படித்தான். எந்த ஃபோல்டரைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறதோ, அதைத் தாண்டி எதையும் தரக் கூடாது.

உலகில் அதிகம் பயன்படும் வெப் சர்வர்களில் ஒன்றான அப்பாச்சியின் 2.4.49 பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. 'பின்னால் இருக்கும் ஃபோல்டருக்குப் போ' என்பதைக் குறிக்கும் புள்ளிகளை நேரடியாக எழுதினால் அது தடுத்தது. அதே புள்ளியைக் குறியீடாக மாற்றி எழுதினால் ஏமாந்தது. மற்ற ஃபோல்டர்களை மறுக்கும் அமைப்பு சர்வரில் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் கோப்புகள் வெளியே போயின. சில அமைப்புகளில், வெளியாட்கள் சர்வருக்குக் கட்டளையே இட முடிந்தது.

அக்டோபர் 4 அன்று 2.4.50 பதிப்பில் திருத்தம் வந்தது. குறியீட்டை இன்னொரு முறை குறியீடாக்கினால் அதையும் தாண்ட முடியும் என்பது உடனே தெரிந்துவிட்டது. அக்டோபர் 7 அன்று 2.4.51 வந்த பிறகுதான் ஓட்டை முழுமையாக அடைபட்டது.

அப்போ அப்டேட் பண்ணாமலே இருக்கலாமா?

நியாயமான கேள்விதான். இந்த ஓட்டை முதலில் இருந்தது 2.4.49 பதிப்பில் மட்டும். பழைய பதிப்பிலேயே இருந்தவர்கள் இதில் தப்பித்தார்கள். ஆனால் அந்தப் பழைய பதிப்புகளில் வேறு ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைக்கத்தான் 2.4.49 வெளியானது. தள்ளிப்போடுகிறவர், ஊருக்கே தெரிந்த ஓட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

'ஊருக்கே தெரிந்த' என்பது மிகையல்ல. ஒரு பேட்ச் வெளியானதும், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டால் எந்த வரி மாறியது என்று தெரிந்துவிடும். ஓட்டை எங்கே இருந்தது என்பதை அந்த வரியே காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரட்ஸ் பேட்ச் வந்த சில நாட்களிலேயே தாக்குதல்கள் தொடங்கியது இப்படித்தான்.

பேட்ச் வந்தும் ஏன் போடுவதில்லை?

முதல் காரணம், எந்த சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற பட்டியல் பல இடங்களில் இல்லை. 48 மணி நேரத்தில் பேட்ச் போடும்படி ஈக்விஃபேக்ஸ் ஊழியர்களுக்கு மார்ச் 9 அன்றே மெயில் போனது. ஆனால் ஓட்டையுள்ள சர்வரை அவர்களின் ஸ்கேன் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது, பயம். பேட்ச் போட்டால் பழைய அப்ளிகேஷன் நின்றுபோகுமோ என்று தள்ளிப்போடுகிறார்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் நேரத்தில் சேவை நிற்கும், மக்கள் திட்டுவார்கள் என்பதும் இதில் சேரும்.

மூன்றாவது, காசு. இணையதளம் கட்ட ஒரு முறை பணம் ஒதுக்குவார்கள். கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் ஏ.எம்.சி. முடிந்ததும், பேட்ச் போடுவது யார் வேலை என்றே தெரியாமல் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன். 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த உத்தரவுப்படி, ஹேக்கிங் போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது.

அந்த 6 மணி நேரம், சம்பவத்தைச் சொல்வதற்கான கெடு. ஓட்டையை அடைப்பதற்கான கெடு அல்ல. அமெரிக்காவில் 2021 நவம்பர் முதல், தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஒவ்வொன்றையும் மத்திய அரசு அலுவலகங்கள் எந்தத் தேதிக்குள் அடைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

• எந்த சர்வர் மென்பொருள், எந்தப் பதிப்பு ஓடுகிறது?
• கடைசியாக அப்டேட் செய்த தேதி என்ன?
• பேக்கப் எங்கே இருக்கிறது? அதிலிருந்து மீட்டுப் பார்த்ததுண்டா?
• அவசர பேட்ச் வந்தால் யார் போடுவார்கள், எத்தனை நாளில்?

இணையதளமே இல்லை என்கிறீர்களா? வீட்டில் வைஃபை ரவுட்டர் இருந்தால், அதன் செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டுவதும் ஒரு குட்டி வெப் சர்வர்தான். அந்தப் பக்கத்துக்குள் போய் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அரசு சர்வரில் உங்களால் கை வைக்க முடியாது. ஆனால் 'கடைசியாக எப்போது பாதுகாப்புத் தணிக்கை நடந்தது?' என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தொழில்நுட்ப விவரங்களைத் தர மறுக்கலாம். தேதியை மட்டும் கேட்பவருக்கு அப்படி மறுப்பது கொஞ்சம் கடினம்.