உஷார்! மங்கிய பட்டன் எல்லாம் பூட்டிய பட்டன் அல்ல

கட்டணப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, 'பணம் செலுத்து' பட்டனைப் படபடவென்று இரண்டு தட்டு தட்டுங்கள். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் சர்வருக்கு எத்தனை கோரிக்கை போனது என்று எண்ணுங்கள். இரண்டு போயிருந்தால், யாரோ ஒருவர் இரண்டு தடவை பணம் கட்டப்போகிறார். என் கண்ணெதிரே நடந்தது இது. பட்டன் மங்கித்தான் இருந்தது. ஒரு தாய் கட்டிய ஒரே ஃபீஸுக்கு ரசீது இரண்டு வந்தது. பணத்தைத் திரும்ப வாங்க அந்தத் தாய் நடையாய் நடந்தார்.

முதலில், அது பட்டன்தானா என்று பாருங்கள். பல பக்கங்களில் அது சிஎஸ்எஸ் சட்டை போட்ட லிங்க், வெறும் ஆங்கர் டேக். ஆங்கருக்கு 'டிஸேபிள்ட்' என்ற பண்பே கிடையாது. எழுதி வைத்தாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. பாயின்டர் ஈவன்ட்ஸை 'நன்' என்று வைத்தால் மவுஸும் விரலும் அடங்கும், கீபோர்டு அடங்காது. டேப் அடித்து வந்து என்டரைத் தட்டினால் காரியம் நடந்துவிடும். ஏரியா-டிஸேபிள்ட் போட்டால் ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்துச் சொல்லும், அவ்வளவுதான், கிளிக் தடைபடாது.

பட்டன் டேகே போட்டிருக்கிறீர்கள், அப்போதும் அடங்கவில்லையா? ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மொபைலுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு பட்டன் வைத்திருந்தால், கெட்எலிமென்ட்பைஐடி முதலில் வருவதை மட்டுமே பிடிக்கும். முதலில் வருவது மறைந்திருந்தால், அதுதான் பூட்டப்படும். கண்ணுக்குத் தெரிவது திறந்தே கிடக்கும். அடுத்து, டிஸேபிள் செய்யும் வரி அவெய்ட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? பதில் வரும்வரை பட்டன் உயிரோடு இருக்கிறது, இரண்டாவது கிளிக் அந்த இடைவெளியில் நுழைகிறது. அவெய்ட்டுக்கு முன்னால் கொண்டுபோங்கள். சாதாரண ஃபாரம் என்றால் கிளிக் ஈவன்ட்டில் டிஸேபிள் செய்யாதீர்கள், ஃபாரமே போகாமல் நின்றுவிடும். சப்மிட் ஈவன்ட்டில் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஆபத்து தீரவில்லை. டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 'டிஸேபிள்ட்' பண்பை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். நெட் இழுக்கிறதே என்று இன்னொரு டேபைத் திறந்து கட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து சர்வரில் தடுங்கள்! ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனிச் சாவி ஒன்று கொடுத்து, டேட்டாபேஸில் அந்தச் சாவி இருக்கும் நெடுவரிசைக்கு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகள் 'ஐடம்பொடென்ஸி கீ' என்ற பெயரில் ஏற்பது இந்த மாதிரிச் சாவியைத்தான். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது மட்டும் போதாது. இரண்டு கோரிக்கை ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்று பார்த்து, இரண்டுமே சேர்த்துவிடக்கூடும்.

இன்று மாலை ரிலீஸ் இருந்தால், நெட்வொர்க்கை 3ஜி வேகத்துக்குக் குறைத்து, மவுஸைத் தொடாமல் என்டரை மட்டும் மூன்று முறை தட்டிப் பாருங்கள். டேட்டாபேஸில் ஒரு வரிக்கு மேல் ஏறியிருந்தால் ரிலீஸை நிறுத்துங்கள்.