நார் அறுந்ததா, உருவிக்கிட்டு வந்ததா?

மெக்கானிக்கல் பைனல் இயர்னா ஒரு டீமாவது வாழை நாரும் எபாக்ஸியும் வைத்து ப்ராஜெக்ட் பண்ணும். நாங்களும் பண்ணினோம். நார், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் விருப்பாச்சி வாழையோடது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே பழம்தான். தார் வெட்டினதும் மரம் வீண். அதன் மட்டையில் உரித்த நாரை இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பிள் சீக்கிரமே உடைந்துவிட்டது.

"நார் வீக்"னு எழுதி முடித்திருப்போம். உடைந்த இடத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பல நார்கள் அறுபடவே இல்லை. மேலே துளி ரெசின்கூட இல்லாமல் உருவிக்கிட்டு வந்திருந்தன. அதாவது நார் தோற்கவில்லை, ஒட்டு தோற்றது. சுமை ரெசினிலிருந்து நாருக்குப் போகும் வழியே அந்த ஒட்டுதான்.

இதை எப்படி அளப்பது? ஒரே ஒரு நாரின் நுனியை எபாக்ஸியில் புதைத்து, இறுகியதும் இழுக்க வேண்டும். உருவி வந்த விசையை, புதைந்த பகுதியின் பரப்பால் வகுத்தால் ஒட்டு வலிமை. 0.15 மி.மீ. விட்டமுள்ள நார் 2 மி.மீ. புதைந்து, 4 நியூட்டனில் உருவி வந்தால், சுமார் 4.2 மெகா பாஸ்கல். வாழை நார் சரியான வட்டம் இல்லை, தடிமனும் மாறும். அதனால் நிறைய நார்களை இழுத்து சராசரி எடுக்கணும்.

கார்பன் இழையில் கதையே வேறு. விட்டம் சுமார் 7 மைக்ரான். 4000 மெகா பாஸ்கல் தாங்கும் இழைகூட, இவ்வளவு மெல்லிசாக இருப்பதால் 0.15 நியூட்டனில், அதாவது 15 கிராம் எடையில், அறுந்துவிடும். ஒட்டு 50 மெகா பாஸ்கல் என்றால், 0.14 மி.மீ.க்கு மேல் புதைத்தாலே உருவுவதற்கு முன் இழை அறுந்துபோகும். அதனால் இழைமேல் எபாக்ஸியை ஒரு குட்டித் துளியாக வைத்து, துளியைப் பிடித்துக்கொண்டு இழையை இழுக்கிறார்கள்.

எங்கள் நாருக்கு மருந்து சோடியம் ஹைட்ராக்சைடு. சுமார் 5 சதவீதக் கரைசலில் ஊறவைத்தால் மேல் மெழுகு போய், பரப்பு சொரசொரப்பாகும்; எபாக்ஸி பிடிக்கும். அதிகமாக ஊறினால் நாரே கெட்டுவிடும்.

ஒட்டு ரொம்ப இறுகினாலும் ஆபத்துதான். விரிசல் நாரில் நின்று திரும்பாமல் நேராக வெட்டிப் போய்விடும். கொஞ்சம் உருவி வரும் நார் அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும்.

அதனால டெஸ்ட் முடிஞ்சதும் உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாதீங்க. உண்மையான ரிசல்ட் அதுலதான் இருக்கு.